அரிய ஐரிஷ் குடும்பப் பெயரை வைத்து மூதாதையரைத் தேடுவது எப்படி?

மர்ஃபி, கெல்லி போன்ற பெயர்களை வைத்து அயர்லாந்தில் குடும்ப வேர் தேடுகிறவர்கள் படும் பாடு பெரிது. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு அரசு போட்ட கணக்குப்படி அன்றைக்கு மர்ஃபிகள் 62,600 பேர், கெல்லிகள் 55,900 பேர். அதற்குள் ஒரு பாட்ரிக் மர்ஃபியைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடும் வேலை. அரிய பெயர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. நாடு முழுவதும் அந்தப் பெயரில் இருந்ததே முப்பது நாற்பது வீடு என்றால், அத்தனை வீட்டையும் ஒரு மாதத்தில் பட்டியல் போட்டுவிடலாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அரிய பெயரில் தேடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். இன்று பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தையே 1830லும் எதிர்பார்க்கிறார்கள். எழுத்தை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிகளும் அந்த ஊரைக் கண்டுபிடிப்பதற்கே.

முதல் வேலை: கையில் உள்ளதை எழுதுங்கள்

அயர்லாந்துப் பதிவேடுகளைத் திறக்கும் முன், புலம்பெயர்ந்து போன நாட்டுப் பதிவுகளை முடியுங்கள். "அயர்லாந்தில் பிறந்தவர்" என்பது மட்டும் போதாது. கவுன்டி (மாவட்டம் போன்றது) வேண்டும், முடிந்தால் பங்கு (பாரிஷ் எனும் தேவாலய ஊர்ப்பிரிவு) வேண்டும். ஆஸ்திரேலிய இறப்புச் சான்றுகளில் பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கக் குடியுரிமைத் தாள்களில் 1906க்கு முன் பெரும்பாலும் நாட்டின் பெயர் மட்டுமே இருக்கும். அங்கே கல்லறைக் கல், திருமணப் பதிவு, இரங்கல் குறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து தேடுகிறவர்களுக்கு, குறிப்பாக ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு, தொடக்கம் பெரும்பாலும் ஒரு சிப்பாய். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைக்கு ஏராளமான ஐரிஷ்காரர்கள் ஆள்சேர்ந்தார்கள். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் 1881ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாகவே மாறியது. மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. அவற்றின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களை ஆராயும் ஃபிபிஸ் அமைப்பின் தேடுபக்கம் இலவசம். கம்பெனி வீரர்களின் பட்டியல்கள் எல்/மில்/11 வரிசையில் உள்ளன. அரசுப் படையில் ஓய்வூதியம் வாங்கியவரானால் லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையைப் பாருங்கள். அவர் ஆள்சேர்ந்த நாளில் எழுதிய தாளில் "இன்ன பங்கில், இன்ன ஊருக்கு அருகில், இன்ன கவுன்டியில் பிறந்தவர்" என்று அச்சடித்த வரியிலேயே இடம் நிரப்பியிருப்பார்கள். வேறு எந்த ஆவணமும் இவ்வளவு எளிதாக ஊரைக் கொடுப்பதில்லை. அந்த ஒரு வரிக்காக எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

இரண்டாவது: பெயர் எத்தனை உருவத்தில் வரும்?

நம்மிடம் தந்தை பெயர் முன்னெழுத்தாக நின்று அடுத்த தலைமுறையில் மாறிவிடும். ஐரிஷ் குடும்பப் பெயர் அப்படியல்ல. 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே பரம்பரையாக நிலைத்துவிட்டது. ஓ என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல், மக் என்றால் மகன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சியின் கீழ் பலர் இந்த முன்னொட்டுகளை உதிர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியோடு அவை மெல்லத் திரும்பின. அதனால் அப்பாவுக்கு ஓ இல்லாமலும் மகனுக்கு ஓ இருந்தும் பதிவு வரும். அண்ணன் தம்பிக்குள்ளேயே வேறுபடும். முன்னொட்டோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, எப்போதும் இரண்டு தடவை தேடுங்கள். மக் என்பதை மூன்றெழுத்தாக, எம்சி என்று இரண்டெழுத்தாக, எம்-க்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, இடைவெளி விட்டு, விடாமல் எனப் பலவாறு எழுதியிருப்பார்கள்.

அடுத்த தொல்லை மொழிபெயர்ப்பு. ஐரிஷ் பேசுகிறவர் சொன்னதை ஆங்கிலம் மட்டும் தெரிந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், சில நேரம் பொருளை எழுதினார். மக் அன் கவன் என்பது போல ஒலிக்கும், கொல்லன் மகன் என்று பொருள்படும் பெயர், ஓரிடத்தில் மெக்கவன், இன்னோரிடத்தில் ஸ்மித். மக் கொன்ரீ என்பதில் ரீ என்ற ஒலி அரசனைக் குறிக்கும் சொல்லாகக் கேட்டதால் ஒரு கிளை கான்ராய், இன்னொரு கிளை கிங். ஓ ட்ரைனான் என்பதில் முட்செடியின் பெயர் இருந்ததால் ட்ரென்னன் சிலருக்கு, தார்ன்டன் சிலருக்கு. அரிய பெயர் திடீரென்று ஒரு தலைமுறையில் காணாமல் போனால், அதன் பொருளைச் சொல்லும் சாதாரண ஆங்கிலப் பெயர் அதே ஊரில் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லோரும் அறிந்த ஒரு குடும்பத்தில் இதை நேரில் பார்க்கலாம். நாவலாசிரியைகளான பிரான்டி சகோதரிகளின் தந்தை பாட்ரிக், 1777 மார்ச் 17 அன்று டவுன் கவுன்டியில் எம்டேல் என்ற இடத்தில் பிறந்தவர். குடும்பத்தின் ஐரிஷ் பெயர் ஓ ப்ரோன்டி. ட்ரம்பலிரோனி தேவாலயப் பதிவேட்டில் அவருடைய உடன்பிறந்தார் பெயர் ப்ரன்டி என்று முடிவில் ஒய் போட்டும், இரட்டை ஈ போட்டும் வருகிறது. 1802ல் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்த நாளில் குமாஸ்தா எழுதியது, நடுவில் ஏ எழுத்து போட்ட பிராண்டி. சில நாளில் அவரே அதைத் திருத்தி, இன்று உலகம் அறிந்த உருவத்தைக் கொண்டுவந்தார். இத்தனையும் ஒரே தலைமுறையில். பிரான்டி என்று மட்டும் தேடுகிறவருக்கு டவுன் கவுன்டியில் ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு தாளில் உங்கள் பெயரின் எல்லா உருவங்களையும் எழுதுங்கள். உயிரெழுத்தை மாற்றுங்கள், இரட்டை மெய்யை ஒற்றையாக்குங்கள், முதலெழுத்தில் B–P, C–K, G–K என்று ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். பழைய கையெழுத்தில் குழம்பும் எழுத்துகளையும் சேருங்கள்: பெரிய எல்லும் எஸ்ஸும், பெரிய டியும் எஃப்பும், சிறிய யூவும் என்னும், ஆர்-என் சேர்ந்தால் எம். இரட்டை எஸ்ஸில் முதலாவது நீண்ட எழுத்தாக வரும். அதை எஃப் என்று படித்துக் கணினியில் ஏற்றியிருப்பார்கள். ஃபேமிலிசெர்ச் போன்ற தளங்களில் நட்சத்திரக் குறி பல எழுத்துக்கும் கேள்விக்குறி ஓரெழுத்துக்கும் நிற்கும். பெயரின் நடுவில் மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து இடையில் நட்சத்திரம் போட்டால் பாதி வேலை முடியும்.

பெயர் உண்மையில் அரிதா என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ராபர்ட் மேத்சன் 1894ல் வெளியிட்ட அரசு அறிக்கை, 1890ல் ஐந்து பிறப்புகளோ அதற்கு மேலோ பதிவான பெயர்களை மாகாணவாரியாகக் கொடுக்கிறது. அன்று சராசரியாக 45 பேருக்கு ஒரு பிறப்பு. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்றால் அயர்லாந்து முழுவதிலும் அந்தப் பெயர்க்காரர் சுமார் 220 பேருக்குள் அடங்குவர் என்று வைத்துக்கொள்ளலாம். அறிக்கை இணையத்தில் இலவசம். பெயர் மாற்றி வழங்கிய உருவங்களை மேத்சன் தனிப் பட்டியலாகவும் தொகுத்தார். அதையும் கூடவே பாருங்கள்.

மூன்றாவது: பெயர் எந்த மண்ணில் கிடக்கிறது?

அயர்லாந்தின் நில அடுக்கைப் புரிந்துகொள்ளாமல் ஒரு பதிவையும் சரியாகப் படிக்க முடியாது. 32 கவுன்டி, அதற்குள் பேரனி, அதற்குள் சிவில் பங்கு (அரசுக் கணக்குக்கான பங்கு), அதற்குள் டவுன்லேண்ட். டவுன்லேண்ட் என்பதில் டவுன் இருந்தாலும் அது நகரமல்ல. வயலும் நாலைந்து வீடும் கொண்ட, எல்லை வகுத்த நிலத்துண்டு. நம் உட்கடைக் கிராமம் மாதிரி. நாட்டில் 60,000க்கு மேல் உண்டு. ஓர் ஏக்கருக்குக் குறைவானதும் இருக்கிறது, 7,000 ஏக்கர் தாண்டியதும் இருக்கிறது. ஒரே பெயரில் பல டவுன்லேண்டுகள் வரும் என்பதால் சிவில் பங்கையும் கவுன்டியையும் சேர்த்தே எப்போதும் குறியுங்கள். கத்தோலிக்கப் பங்கு இதிலிருந்து வேறுபட்ட எல்லை கொண்டது, பெயரும் வேறாக இருக்கலாம். பிறப்பு இறப்புப் பதிவு மாவட்டம் மூன்றாவது எல்லை. அது ஏழைகள் நல யூனியனை ஒட்டியது, கவுன்டி எல்லையைத் தாண்டும். பதிவில் பக்கத்துக் கவுன்டி நகரத்தின் பெயரைப் பார்த்து "இது நம் ஆள் இல்லை" என்று தள்ளிவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

இப்போது கிரிஃபித் மதிப்பீட்டைத் திறங்கள். 1847 முதல் 1864 வரை வரிவிதிப்புக்காக வீடு வீடாக எடுத்த கணக்கு இது. ஆஸ்க்அபவுட்அயர்லாந்து தளத்தில் படமும் வரைபடமும் இலவசம். பெயரைப் போட்டு, கவுன்டியைக் காலியாக விட்டு, நாடு முழுவதும் தேடுங்கள். அரிய பெயரானால் இங்கேதான் அதன் பலன் தெரியும்: முடிவுகள் சிதறாமல் ஒன்றிரண்டு மூலைகளில் குவிந்திருக்கும். அந்தக் குவியல்தான் உங்கள் களம்.

ஒரு வரியை எப்படிப் படிப்பது? இடது ஓரத்தில் எண், பக்கத்தில் எழுத்து. எண் என்பது வரைபடத்தில் உள்ள நிலத்துண்டு. ஒரே எண்ணுக்குக் கீழ் சிறிய எழுத்தில் ஏ, பி, சி என்று வந்தால் ஒரு துண்டைப் பலர் பங்கிட்டு வீடு கட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் உறவினர். அடுத்தது குடியிருப்பவர் பெயர். அதன் பக்கத்தில் அடைப்புக்குறியில் இன்னொரு முதற்பெயர் இருந்தால் அது பெரும்பாலும் தந்தை பெயர். ஒரே டவுன்லேண்டில் இரண்டு பாட்ரிக்குகளைப் பிரித்துக் காட்ட மதிப்பீட்டாளர் போட்டது. அடுத்து நில உரிமையாளர், சொத்தின் விவரம், பரப்பு. பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று நிரலில் வரும். 4 ரூட் ஓர் ஏக்கர், 40 பெர்ச் ஒரு ரூட். கடைசியில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மதிப்பு, பவுண்டு ஷில்லிங் பென்ஸில். கட்டடம் ஐந்து ஷில்லிங் என்றால் சிறு குடிசை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கிரிஃபித்தில் குடும்பத் தலைவர் மட்டுமே உண்டு. மனைவி, பிள்ளைகள் இல்லை. ஒரு தலைமுறை முன்னால் போக, 1823 முதல் 1837 வரையிலான தசமபாக (தேவாலய வரி) ஒதுக்கீட்டுப் புத்தகங்கள். அவற்றில் விவசாய நிலம் வைத்திருந்தவர் மட்டும் வருவர், நகரவாசிகள் இல்லை. இரண்டிலும் ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயர் வந்தால், தந்தை மகன் என்று எழுதிவிடாதீர்கள், "சாத்தியம்" என்று மட்டும் குறியுங்கள்.

நான்காவது: மக்கள்தொகைக் கணக்கு

1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2. 1911 வரை எடுத்த கணக்குகளில் முழுமையாக மிஞ்சியவை இந்த இரண்டும். டப்ளின் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகத் தருகிறது. 1861, 1871 கணக்குகளை அரசே அழித்தது. 1881, 1891 முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாயின. 1821 முதல் 1851 வரையுள்ளவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில், அரசு ஆவணங்கள் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் எரிந்தபோது சாம்பலானது. ஒரு நாட்டின் ஏழைக் குடும்பங்களுடைய எழுநூறு ஆண்டு நினைவு ஒரே நாளில் போனது. இன்றைக்கும் தேடுகிறவர் ஒவ்வொருவரும் அந்தத் தீயில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மிச்சமிருந்த நகல்களைத் திரட்டி, 2022ல் விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி என்ற இணையக் காப்பகம் தொடங்கினார்கள். அதில் உங்கள் பெயரை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள்.

1911 தாளில் திருமணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்ற நிரல்கள் உண்டு. திருமண ஆண்டை இதிலிருந்து கழித்துப் பெறலாம். பிறந்த இடத்துக்குக் கவுன்டி பெயர்தான் பெரும்பாலும் எழுதினார்கள். வயதை அப்படியே நம்பாதீர்கள். 70 வயதானோருக்கு ஓய்வூதியம் 1909 முதல் வந்தது. 1901ல் 56 என்றவர் 1911ல் 71 என்று எழுதியது சாதாரணம். இருவேறு ஆட்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மனைவி மக்கள் பெயரோடு ஒப்பிடுங்கள்.

பெயர் தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால், இடத்தின் வழியாக உள்ளே போங்கள். கவுன்டி, பிரிவு, டவுன்லேண்ட் என்று சொடுக்கி வீடு வீடாகப் படியுங்கள். கணினியில் ஏற்றியவர் தவறாக ஏற்றிய பெயரை உங்கள் கண் உடனே கண்டுகொள்ளும்.

ஐந்தாவது: பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள்

கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் 1845 ஏப்ரல் 1 முதல், மற்ற அனைத்தும் 1864 ஜனவரி 1 முதல் அரசிடம் பதிவாயின. ஐரிஷ்ஜீனியாலஜி அரசுத் தளத்தில் நூறாண்டைத் தாண்டிய பிறப்பு, எழுபத்தைந்தைத் தாண்டிய திருமணம், ஐம்பதைத் தாண்டிய இறப்பு ஆகியவற்றின் படங்கள் இலவசம். 1921 வரை வடக்குக் கவுன்டிகளும் இதில் அடங்கும். அதன் பிறகு வட அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்ட்டில் உள்ள பதிவகத்தின் தனித் தளம், கட்டணத்தோடு.

பிறப்புப் பதிவில் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர் இருக்கும். ஆனால் தேடுபக்கத்தில் 1900க்கு முந்தையவற்றை அந்தப் பெயரால் தேட முடியாது, படத்தைத் திறந்து படிக்க வேண்டும். அரிய பெயரானால் பத்திருபது படங்கள்தான், எல்லாவற்றையும் திறங்கள். திருமணப் பதிவில் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் உண்டு. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இல்லை. அதில் தகவல் கொடுத்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு குடும்பப் பெயர் கொண்ட மருமகன் அங்கே நிற்பார், மணமாகிப் போன மகளின் சுவடு அவர் மூலம் கிடைக்கும்.

பதிவேட்டில் பிறந்த தேதிக்கு முன்பே கோவிலில் ஞானஸ்நானம் நடந்திருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். பதியத் தாமதமானால் அபராதம். அதற்குப் பயந்து பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னார்கள். ஞானஸ்நான நாளையே நம்புங்கள். 1860களில் பதியப்படாமலே போன பிறப்புகளும் நிறைய.

ஆறாவது: பங்குப் பதிவேடு

1864க்கு முன்னால் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இதுவே உயிர்நாடி. தேசிய நூலகம் 2015ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளை இணையத்தில் வைத்தது. பெரும்பாலும் 1880 வரை உள்ளவை. படங்கள் இலவசம், பெயரகராதி அந்தத் தளத்தில் கிடையாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஊர் தெரிய வேண்டும் என்று இத்தனை முறை சொன்னது இதற்காகத்தான். நகரங்களில் 1750களிலிருந்தே பதிவேடு உண்டு. மேற்கிலும் வடக்கிலும் 1820, 1830கள், சில இடங்களில் அதற்கும் பின்.

பதிவு லத்தீனில் வரும். "யாகோபும், ஃபிலியும் லெஜிட்டிமும் பாட்ரிசியி எத் பிரிஜிடே" என்று தொடங்கினால் பாட்ரிக்குக்கும் பிரிட்ஜெட்டுக்கும் முறையாகப் பிறந்த மகன் ஜேம்ஸ். யாகோபுஸ் ஜேம்ஸ், குலியெல்முஸ் வில்லியம், யோவான்னஸ் ஜான், ஹொனோரியா நோரா. ததேயுஸ் என்பது டிமதி அல்லது டைக். இறுதி எழுத்து வேற்றுமைக்கேற்ப மாறும் என்பதால் பெயரின் தலையைப் பாருங்கள், வாலை விடுங்கள். குடும்பப் பெயர் பொதுவாக லத்தீனாகாமல் அப்படியே இருக்கும். பெற்றோருக்குப் பின் ஞானப் பெற்றோர் இருவர். இவர்களை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தார்கள். தாய் தன் பிறந்தகத்துப் பெயரிலேயே வருவாள்.

திருமணம் மணமகள் பங்கில் நடந்தது. முதல் குழந்தையின் ஞானஸ்நானமும் சில நேரம் அங்கேயே. உங்கள் அரிய பெயர்க்காரர் தன் பங்கில் திருமணமே செய்யாதவர் போலத் தெரிந்தால் அக்கம்பக்கத்துப் பங்குகளைப் புரட்டுங்கள். புரட்டப் பொறுமையில்லாதவருக்கு கவுன்டி மையங்கள் நடத்தும் ரூட்ஸ்அயர்லாந்து தளத்தில் பெயர் வழித் தேடல் கட்டணத்துக்கு உண்டு. ஒரு மாதச் சந்தா வாங்கி, முன்பே தயாரித்த உருவப் பட்டியலோடு உட்கார்ந்தால் செலவு வீணாகாது.

ஏழாவது: எல்லோரையும் பட்டியலிட்டுப் பிரிப்பது

இங்கேதான் அரிய பெயர் கைகொடுக்கிறது. உங்கள் ஆளை மட்டும் தேடாதீர்கள். அந்தப் பெயரில் கிடைக்கும் ஒவ்வொருவரையும் ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றுங்கள். நிரல்கள் இவை: ஆண்டு, பதிவு வகை, பெயர் எழுதியபடியே, டவுன்லேண்ட், சிவில் பங்கு, கத்தோலிக்கப் பங்கு, பதிவு மாவட்டம், தந்தை, தாயும் அவள் பிறந்தகத்துப் பெயரும், ஞானப் பெற்றோர் அல்லது சாட்சி, படத்தின் பக்க எண். பெயரை நீங்களே திருத்தி ஒரே மாதிரியாக்க வேண்டாம். திருத்தினால் எந்த ஊரில் எந்த உருவம் வழங்கியது என்ற தடயம் அழியும்.

பிறகு டவுன்லேண்ட் வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே தாய்ப் பெயர் வரும் பிறப்புகள் ஒரு குடும்பம். பெயரிடும் வழக்கமும் உதவும்: முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாமவனுக்குத் தாயின் தந்தை, முதல் மகளுக்குத் தாயின் தாய், இரண்டாமவளுக்குத் தந்தையின் தாய். இது விதியல்ல, வழக்கம். தாத்தா பெயரை ஊகிக்கலாம், ஊகத்தையே சான்றாக எழுதக்கூடாது. பெயர் ஒன்று என்பதால் எல்லோரும் உறவு என்றும் எண்ண வேண்டாம். ஒரே ஐரிஷ் பெயர் இரண்டு மாகாணங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும். குவியல் இரண்டு இருந்தால் மரமும் இரண்டாக வரையுங்கள். இணைக்கும் ஆவணம் கிடைக்கும்வரை கோடு போடாதீர்கள். "உங்கள் குடும்பச் சின்னம்" என்று கேடயப் படம் விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். சின்னம் தனிமனிதருக்கு அளிக்கப்பட்டது, பெயருக்கு அல்ல.

இரண்டு குவியலுக்கும் உறவு உண்டா என்பதில் ஒய் குரோமோசோம் சோதனை உதவும். அது தந்தையிடமிருந்து மகனுக்கு, குடும்பப் பெயர் போகும் அதே வழியில் போகிறது. இரு குவியலிலிருந்தும் அந்தப் பெயரோடு பிறந்த ஓர் ஆண் வேண்டும். சோதனை ஒப்பிடும் 37 மரபணுக் குறிகளில் ஒன்றிரண்டே வேறுபட்டால் அண்மைக் காலப் பொது மூதாதை இருக்க வாய்ப்பு அதிகம். மிகவும் வேறுபட்டால் பெரும்பாலும் பெயர் ஒன்று, இரத்தம் வேறு.

1800க்கு முன்னால் சாதாரணக் குத்தகை விவசாயியின் பெயர் கிடைப்பது அரிது. 1796 ஆளிச்செடி விவசாயிகள் பட்டியல், 1660களின் அடுப்பு வரிப் பட்டியல், 1708ல் தொடங்கிய பத்திரப் பதிவகம் இவற்றில் அரிய பெயர் எந்தப் பகுதியில் இருந்தது என்பது தெரியும், யாருக்கு யார் மகன் என்பது பெரும்பாலும் தெரியாது.

கடைசியாக அந்த வீடு

கிரிஃபித் கணக்குக்குப் பின் மதிப்பீட்டு அலுவலகம் அதே புத்தகங்களைத் திருத்திக்கொண்டே வந்தது. குடியிருப்பவர் மாறினால் பழைய பெயரை வண்ண மையில் அடித்து, புதுப் பெயரை மேலே எழுதி, அதே வண்ணத்தில் ஓரத்தில் ஆண்டைப் போட்டார்கள். சிவப்பில் அடித்த பெயருக்கு நேரே சிவப்பில் உள்ள ஆண்டைப் பாருங்கள், ஓரிரு ஆண்டுக்குள் அந்த ஆளின் இறப்போ இடப்பெயர்வோ இருக்கும். வடக்குக் கவுன்டிகளின் திருத்தப் புத்தகங்கள் 1864 முதல் 1933 வரை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். மற்றவற்றுக்கு டப்ளினில் உள்ள டைல்டி ஏரன் என்ற அரசு நில அமைப்பின் அலுவலகத்தை அணுக வேண்டும். ஊர்ப் பெயரின் ஐரிஷ் உருவத்தையும் சரியான எல்லையையும் லோகைன்ம் (logainm.ie) தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிரிஃபித் வரைபடத் துண்டின் எண்ணை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஆஸ்க்அபவுட்அயர்லாந்து தளத்திலேயே பழைய வரைபடத்தை மெல்ல மங்கவைத்து அடியில் உள்ள இன்றைய நிலத்தைப் பார்க்க வசதி உண்டு. வேலிக்கோடுகள் பல இடங்களில் இன்னும் அதே வளைவில் ஓடும், வீடு இருந்த மூலையில் கூரையற்ற கல்சுவரோ நாலைந்து மரங்களோ தெரியும்.